இங்கிலீஷ் எப்போது கெட்டுப்போனது?

பிள்ளைகள் அனுப்பும் மெசேஜைப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷே அழிஞ்சு போச்சு" என்று புலம்பாத தமிழ் வீடு இங்கே டெல்லிப் பக்கம் குறைவு. (கான்வென்டுக்குக் கொட்டிக் கொடுத்த ஃபீஸ் வேறு கண்முன் வந்து போகும்!) ஆனால் இந்தப் புலம்பலுக்கு வயது முந்நூறுக்கு மேல்.

பின்னாளில் கலிவர் கதை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், 1710-ல் 'மாப்' என்ற சொல்லைக் கண்டு கொதித்தார். நீளமான லத்தீன் தொடரை நறுக்கிச் செய்த சொல் அது. 1712-ல், மொழியைத் திருத்தி நிலைநிறுத்த ஓர் அமைப்பு வேண்டுமென்று மந்திரிக்கே எழுதினார். அமைப்பு வரவில்லை. 'மாப்' இன்று எல்லா நாளிதழிலும் இருக்கிறது.

அதற்கும் முந்தைய கதை இன்னும் சுவாரசியம். அப்போதெல்லாம் ஒருவர் என்றால் 'தௌ', பலர் என்றால் 'யூ'. மரியாதைக்காக ஒருவரையே 'யூ' என்று அழைக்கும் வழக்கம் பரவியது, நம்முடைய 'நீங்கள்' மாதிரியே. இது ஒருமை பன்மை மயக்கம் என்று குவேக்கர் பிரிவின் ஜார்ஜ் ஃபாக்ஸும் நண்பர்களும் 1660-ல் பல மொழி உதாரணங்களோடு ஒரு புத்தகமே போட்டார்கள். பெரிய மனிதர்களையும் 'தௌ' போட்டுப் பேசி அடி வாங்கியவர்கள் உண்டு. இலக்கணம் அவர்கள் பக்கம்தான். ஜெயித்தது என்னவோ 'யூ'.

1762-ல் ராபர்ட் லவுத் என்ற பாதிரியார் இலக்கணம் எழுதி, ஷேக்ஸ்பியரிடமும் மில்டனிடமும் பிழை பிடித்தார். அவர்களுக்கே மார்க் குறைந்தால் நம் எட்டாம் வகுப்புப் பையன் எந்த மூலைக்கு?

எனக்கென்னவோ பயம் வேறு. பிழையே இல்லாமல், ஆனால் யாருக்கும் புரியாமல் எழுதப்படும் ஆங்கிலம். அரசு அதிகாரிகளுக்கு எளிமை சொல்லிக்கொடுக்க பிரிட்டனில் எர்னஸ்ட் கவர்ஸ் 1948-லேயே 'ப்ளெயின் வேர்ட்ஸ்' எழுதினார். படிவங்கள் லேசில் மாறவில்லை. 1979-ல் லிவர்பூல்காரரான கிரிஸ்ஸி மேஹர், லண்டன் பார்லிமென்ட் சதுக்கத்தில் நின்று அரசாங்கப் படிவங்களைத் துண்டு துண்டாக்கினார். பதின்ம வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். உதவித்தொகை கேட்கும் ஏழைக்குப் புரியாத படிவம் எதற்கு என்பதுதான் கோபம். 1982-ல் பிரிட்டிஷ் அரசே தன் படிவங்களைக் களையெடுக்கக் கிளம்பியது. அமெரிக்காவில் 2010-ல் சட்டமே வந்தது.

இங்கே? 'தி அண்டர்சைன்ட் இஸ் டைரக்டட் டு' என்று ஆரம்பிக்கும் கடிதம் இன்றும் தபாலில் வருகிறது. ஒரு கமா தப்பிருக்காது. பென்ஷன் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள, பெரியவர் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து ஃபிளாட் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.