சோர்வறியா நீச்சல் வீராங்கனை

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் வளர்ந்தவர் ஜில் ஸ்டெர்க்கல் அம்மையார். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மகளிர் நீச்சலின் 13 தங்கப் பதக்கங்களில் 11ஐக் கிழக்கு ஜெர்மனியே வென்றது. அந்நாட்டு அரசே தன் வீராங்கனையருக்கு ஊக்க மருந்து கொடுத்து வந்தது பின்னாளில் அம்பலமாயிற்று. அத்தகைய அணியை, இறுதியாக நடந்த 4 x 100 மீட்டர் தொடர் நீச்சலில் அமெரிக்கப் பெண்கள் நால்வர் வென்றனர். மூன்றாவதாக நீந்தித் தம் அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவர், 15 வயதே நிரம்பிய ஸ்டெர்க்கல். நேரம் 3 நிமிடம் 44.82 விநாடி; அது உலக சாதனை!

1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. அணிக்குத் தேர்வாகியும் அவரால் செல்ல இயலவில்லை. ஆயினும் அவர் மனந்தளரவில்லை. 1984இல் தொடர் நீச்சலின் தகுதிச் சுற்றில் நீந்தி மீண்டும் தங்கம் பெற்றார். 1988இல் சியோல் நகரில், தம் 27ஆம் வயதில், 50 மீட்டர் போட்டியில் வெண்கலம் வென்றார். தனிப் போட்டியில் அவருக்குக் கிட்டிய ஒரே ஒலிம்பிக் பதக்கம் அதுவே.

பின்னர், தாம் பயின்ற டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மகளிர் நீச்சல் அணிக்கு 1992 முதல் 2006 வரை தலைமைப் பயிற்சியாளராக விளங்கினார். அதன்பின் அங்கேயே விளையாட்டுத் துறையின் நிர்வாகப் பணியை ஏற்றார்.

ஒரு வாய்ப்பு கைநழுவினால் வாழ்வே போயிற்றென்று சோரும் நம் இளைஞர்க்கு, இவ்வம்மையாரின் பன்னிரண்டு ஆண்டுப் பொறுமை நல்லதொரு பாடமன்றோ!