மலிவு கிதாரும் திருப்புளியும்

லியோ ஃபெண்டருக்குக் கடைசிவரை கிதார் வாசிக்கத் தெரியாது. தெரிந்தது ரேடியோ ரிப்பேர். 1938இல் கலிஃபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ சர்வீஸ் கடை போட்டவர். சென்னையில் ரேடியோ, டிவி என்று பிழைத்து, இப்போது ஆம்ப்ளிஃபயரும் கிதாரும் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, அவர் வடிவமைத்த கிதாரை முதன்முதலில் திறந்து பார்த்தபோது நம் ஆள் ஒருவரின் வேலை என்று உடனே தெரிந்துவிட்டது. கிப்சன் போன்ற பழைய கம்பெனிகள் கிதாரின் கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டின. கழுத்து கோணினால் கைதேர்ந்த தச்சரிடம் போக வேண்டும், செலவும் ஏறும். 1950இல் ஃபெண்டர் கொண்டுவந்த கிதாரில் கழுத்தை நான்கு திருகுகள் பிடித்திருந்தன. கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். அதுதான் அடுத்த வருஷம் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், கன்ட்ரோல், சுவிட்ச் எல்லாம் முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டிலேயே தொங்கும். தகட்டைக் கழற்றினால் மொத்த வயரிங்கும் கைக்கு வந்துவிடும். டிரான்சிஸ்டர் ரேடியோவின் போர்டை வெளியே எடுப்பதுகூட இத்தனை சுலபம் இல்லை.

ரிப்பேருக்காகப் போட்ட அந்தத் திருகுகள்தான் பின்னால் வேறொரு பழக்கத்துக்கு வழிவிட்டன. கையில் இருக்கிற காசுக்கு ஒரு கிதார் வாங்கி, பிறகு பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போவது என்ற பழக்கம் அது.

ஆனால் அந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரே மலிவுச் சரக்கு அல்ல. 1954இல் அதன் விலை 249.50 டாலர். கூலிக்காரர் வீட்டுப் பையனுக்கு எட்டாது. அவனுக்குக் கிதார் கொடுத்தவர் நேதன் டேனியல். 1947இல் நியூ ஜெர்சியில் டேன்எலெக்ட்ரோ கம்பெனியைத் தொடங்கியவர், இவரும் ஆம்ப்ளிஃபயர்காரர்தான். பாப்லர் மரத்தில் ஒரு சட்டம், அதற்கு முன்னும் பின்னும் ஹார்டுபோர்டு, விளிம்பை மறைக்க ஒரு வினைல் பட்டை, அவ்வளவுதான் உடம்பு. பிக்கப்பின் காந்தத்தையும் சுருளையும் லிப்ஸ்டிக் குழாய்க்குள் நுழைத்து மூடினார். சியர்ஸ் நிறுவனம் இந்தக் கிதார்களை சில்வர்டோன் என்ற பெயரில் கேட்லாக் மூலம் விற்றது. 1962இல் வந்த 1448 என்ற மாடலில் கிதார்ப் பெட்டிக்குள்ளேயே சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருந்தன. எல்லாம் சேர்த்து 67.95 டாலர். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு வாசிக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், சிக்கனத்துக்காகப் போட்ட அந்த லிப்ஸ்டிக் பிக்கப்பின் கணீர்ச் சத்தத்துக்கென்றே பின்னால் ஒரு கூட்டம் உருவாயிற்று. ராக் கிதார்க் கலைஞர் ஜிம்மி பேஜ் டேன்எலெக்ட்ரோவை மேடையில் வாசித்தார். புளூஸ் கிதார்க் கலைஞர் ஸ்டீவி ரே வான் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிதாரிலேயே லிப்ஸ்டிக் பிக்கப் வைத்துக்கொண்டார். மலிவுச் சரக்கின் பாகம் உயர்ந்த சரக்குக்குப் போயிற்று.

அறுபதுகளில் பிடிக்காத பிக்கப்பை மாற்ற நினைத்தால் இன்னொரு கிதாரிலிருந்துதான் உருவ வேண்டும், கடையில் தனியாகக் கிடைப்பது அரிது. 1972இல் நியூயார்க்கில் லாரி டிமார்ஸியோ ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ என்ற பிக்கப்பைத் தனியாக விற்க ஆரம்பித்தார். கிப்சன் கிதாரில் பழையதைக் கழற்றிய இடத்தில் அப்படியே உட்காரும். 1976இல் சாந்தா பார்பராவில் சீமோர் டங்கன் தம் கம்பெனியைத் தொடங்கினார். தெற்குக் கலிஃபோர்னியாவில் சார்வெல், ஷெக்டர் போன்ற பட்டறைகள் உடம்பு, கழுத்து, பிரிட்ஜ் எல்லாவற்றையும் உதிரியாகவே விற்றன.

அங்கேதான் ராக் கிதார்க் கலைஞர் எட்டி வான் ஹேலன் வருகிறார். ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, 1962இல் குடும்பத்தோடு பசடீனாவுக்கு வந்தவர். தரத்தில் கழித்த ஓர் உடம்பை 50 டாலருக்கும் கழுத்தை 80 டாலருக்கும் வாங்கினார். ஒரு கிப்சன் கிதாரிலிருந்து இரட்டைச் சுருள் பிக்கப்பைக் கழற்றி, மரத்தைக் குடைந்து பொருத்தினார். கிப்சனில் கம்பிகளின் இடைவெளி கொஞ்சம் நெருக்கம், ஃபெண்டரில் அகலம். நேராக வைத்தால் கம்பியும் காந்த முனையும் ஒன்றுக்கொன்று நேர் வராது. அதனால் பிக்கப்பைச் சாய்த்தே வைத்தார். டோன் கன்ட்ரோலே கிடையாது. ஒரே ஒரு வால்யூம், அதன் குமிழில் ‘டோன்’ என்று எழுதியிருக்கும்!

சத்தம் கூட்டினால் பிக்கப் ‘கீ’ என்று கத்தும். சுருளில் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று ஓடுகிறது. சுற்றுகள் தளர்ந்திருந்தால் அவையே அதிர்ந்து மைக் போல ஒலியை வாங்கிவிடும். எட்டி பிக்கப்பை உருகிய பாரஃபின் மெழுகில் முக்கினார். மெழுகு இடுக்குகளில் இறங்கி உறைந்ததும் கத்தல் நின்றது. நானும் இதைச் செய்கிறேன். அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரம், அதற்குள் மெழுகுப் பாத்திரம். மெழுகு 65 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தாண்டினால் பிளாஸ்டிக் பாபின் நெளிந்துவிடும். காற்றுக் குமிழ்கள் வருவது நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். 1978இல் வெளியான, அவருடைய வான் ஹேலன் குழுவின் முதல் இசைத்தட்டில் இந்த ஒட்டுப்போட்ட கிதாரும் ஒலிக்கிறது. 2019இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நடத்திய ராக் இசைக்கருவிக் கண்காட்சியில் அதையும் வைத்தார்கள்.

எட்டியைப் பார்த்துப் பையன்கள் மரத்தைக் குடைந்துகொண்டிருந்த காலத்தில் ஃபெண்டர் கம்பெனிக்கு வேறு தலைவலி. டோக்காய், கிரெகோ என்று ஜப்பான் நகல்கள் அசலுக்குச் சமமாக, விலை குறைவாக வந்து நின்றன. 1982இல் ஃபெண்டர் தானே ஜப்பானில் கால் வைத்தது. மட்சுமோட்டோ நகரத்து ஃபூஜிஜென் ஆலையில் செய்த மலிவு வரிசைக்கு ஸ்குவையர் என்று பெயர். முன்பு விலைக்கு வாங்கிப் போட்டிருந்த ஒரு மிச்சிகன் கம்பிக் கம்பெனியின் பெயர் அது. அந்த முதல் ஜப்பான் ஸ்குவையர்கள் அவ்வளவு சுத்தமான வேலை. இன்று சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். பிறகு உற்பத்தி கூலி குறைந்த நாடுகளைத் தேடி நகர்ந்தது. கொரியா, எண்பதுகளின் இறுதியில் கொஞ்ச காலம் இந்தியா, அப்புறம் சீனா, இந்தோனேசியா.

இன்றைய பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கிதார் நான் வாலிபத்தில் பார்த்த சரக்கைவிட எத்தனையோ மேல். கம்ப்யூட்டர் இயந்திரம் மரத்தை அளவு தப்பாமல் வெட்டுகிறது. கழுத்து உட்காரும் குழியில் சந்து இருப்பதில்லை. குறைவது கைவேலை நேரம். கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட்டின் நுனிகளை அரம் போட்டு மழுக்கவும், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படிகிற நட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகத் தடம் ஆழப்படுத்தவும் ஆள் நின்று செய்தாக வேண்டும். அதைத்தான் ஆலை சுருக்குகிறது. ஏசி அறையில் மரம் சுருங்கியதும் ஃபிரெட் நுனி வெளியே துருத்தி, உள்ளங்கையைக் கீறும். வீணைக்கு மேளம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு மெட்டையும் மெழுகில் வைத்து, காதால் கேட்டுச் சரிசெய்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மெல்லிசைக் குழுப் பையன்களும் சர்ச்சில் வாசிக்கிற பையன்களும் என்னிடம் வந்தவுடன் கேட்பது, “அண்ணே, எந்த பிக்கப் போடலாம்?” முதலில் நட், பிறகு ஃபிரெட், அப்புறம் கம்பி முறுக்கும் பிருடை என்பேன். முகம் சுருங்கும். அரம் போட்ட வேலையை மேடையில் காட்ட முடியாதல்லவா! அடுத்து பார்க்க வேண்டியது கன்ட்ரோல். மலிவு கிதாரில் இருப்பது சின்ன கன்ட்ரோல், கொஞ்ச நாளில் கரகரக்கும். பெரியதாக மாற்றும்போது சீனக் கிதாரின் துளை சிறியது என்பதை மறக்கக் கூடாது. கை ரீமரால் மெதுவாகப் பெரிதாக்க வேண்டும். டிரில் போட்டால் பெயின்ட் பெயர்ந்துவிடும். எண்ணெய்க் காகித கபாசிட்டர் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறார்களே, அதற்குக் காசு போடாதீர்கள். அதே அளவில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண பாலியெஸ்டர் கபாசிட்டர் அதே வேலையைச் செய்யும்.

பிக்கப் கடைசியில்தான். அதுவும் இருக்கிற சத்தம் உண்மையிலேயே பிடிக்கவில்லை என்றால் மட்டும். நூறு பேர் புகழ்ந்தார்கள் என்று வாங்காதீர்கள்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். மாற்றிய கிதாரை விற்கப் போனால் போட்ட காசு திரும்பாது. வாங்குகிறவர் கம்பெனிப் பெயரைப் பார்த்துத்தான் விலை சொல்வார். அதனால் கழற்றிய பாகங்களை, திருகுகள் உட்பட, ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். விற்கும்போது பழையதையே மாட்டிக் கொடுத்துவிட்டு, நல்ல பாகங்களை அடுத்த கிதாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.