அமைதி நாட்கள் (நோய்த்தடுப்பு)

அமைதி நாட்கள் என்பது, போர் நடைபெறும் பகுதிகளில் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து வழங்குவதற்காக, போரிடும் தரப்புகள் முன்கூட்டியே உடன்பட்டுச் சில நாட்களுக்குச் சண்டையை நிறுத்தி வைக்கும் ஏற்பாடாகும். இது போர்நிறுத்த ஒப்பந்தம் அன்று. குறித்த நாட்கள் முடிந்ததும் சண்டை மீண்டும் தொடங்கக்கூடும். இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் இளம்பிள்ளைவாத (போலியோ) ஒழிப்புக்காக 1995 முதல் இம்முறை கையாளப்பட்டது.

தோற்றம்

எல் சால்வடோர் உள்நாட்டுப் போரின்போது 1985 இல் இம்முறை நடைமுறைக்கு வந்தது. யுனிசெப் அமைப்பின் அன்றைய தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் இதனை வலியுறுத்தினார். கிளர்ச்சியாளர்களின் இசைவைப் பெறுவதில் கத்தோலிக்கத் திருச்சபை பெரும்பங்கு வகித்தது. அவ்வாண்டில் சுமார் இரண்டரை இலட்சம் குழந்தைகள் பயன்பெற்றனர்.

இலங்கையில்

போலியோ கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே வாதம் ஏற்படுகிறது. மற்றவர்கள் நோய் வெளித்தெரியாமலே கிருமியைப் பரப்புவர். எனவே நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே காலத்தில் சொட்டு மருந்து கொடுத்தல் வேண்டும். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியை விட்டுவிட்டுக் கொழும்பைக் காப்பாற்ற இயலாது. இதன் மறுதலையும் உண்மையே. இரு தரப்பும் உடன்பட்டமைக்கு இதுவே அடிப்படை.

சண்டை நின்றால் மட்டும் மருந்து குழந்தையின் வாய்க்குச் சென்றுவிடாது. புலிகளின் பகுதிகளிலும் மருத்துவமனைகளும் சுகாதாரப் பணியாளர்களும் அரசின் ஊதியத்திலேயே இயங்கி வந்தமை இங்கு பெரிதும் உதவியது. வீடு வீடாகக் குழந்தைகளை அறிந்திருந்த மருத்துவமாதரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் அவ்வூர்களிலேயே இருந்தனர். இலங்கையில் கடைசி போலியோ நோயாளி 1993 இல் கண்டறியப்பட்டார். போர் முடிந்ததோ 2009 இல்.

குளிர்ச் சங்கிலி

வாய்வழிப் போலியோ மருந்து வெப்பத்தால் எளிதில் கெடுவது. களஞ்சியங்களில் கழிய (−) 20 பாகை செல்சியசிலும், ஊர் நிலையங்களில் 2 முதல் 8 பாகையிலும் வைக்கப்படுகிறது. மின்சாரம் இல்லாத இடங்களில் மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப் பெட்டிகள் பயன்பட்டன. ஆனால் 1990களில் வடக்கே எரிபொருளுக்கும் மின்கலங்களுக்கும் அரசின் கட்டுப்பாடு இருந்தது. மருந்துக் குப்பிகளில் வெப்பம் பட்டால் நிறம் மாறும் அடையாளம் 1996 முதல் ஒட்டப்படலாயிற்று. மருந்து கெட்டுவிட்டதா என்பதைக் கருவியின்றிப் பார்த்தே அறிய இது வழிசெய்தது.

இடம்பெயர்ந்தோர்

1983 முதல் கடல் கடந்து தமிழகம் வந்த ஈழத்தமிழர்கள் மண்டபம் முகாமிலிருந்து பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். கன்னியாகுமரி மாவட்டத்தில் பெருமாள்புரம், பழவிளை, கோழிவிளை, ஞாறான்விளை ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. இத்தகைய இடப்பெயர்வில் தடுப்பூசி அட்டை முதலில் தொலைகிறது. அட்டை இல்லாத குழந்தையைத் தடுப்பூசி பெறாததாகவே கருத வேண்டும் என்பது பொதுவான மருத்துவ விதி. சொட்டு மருந்தைக் கூடுதலாக ஒரு முறை கொடுப்பதால் தீங்கில்லை. நெரிசல் மிகுந்த முகாம்களில் மிக விரைவாகப் பரவுவது தட்டம்மை என்பதால், உணவு, குடிநீர் ஆகியவற்றோடு அதற்கான தடுப்பூசிக்கும் முதலிடம் தரப்படுகிறது.

நம்பிக்கையும் தடைகளும்

இம்முறை முழுவதும் நம்பிக்கையைச் சார்ந்தது. ஒசாமா பின் லாதினைத் தேடுவதற்காக அமெரிக்க உளவு நிறுவனம் பாக்கித்தானின் அப்போட்டாபாத்தில் போலியாக ஒரு மஞ்சட்காமாலைத் தடுப்பூசித் திட்டத்தை நடத்தியது 2011 இல் வெளியானது. மறு ஆண்டே வசீரித்தானில் தாலிபான்கள் போலியோ மருந்தைத் தடை செய்தனர். அதன்பின் தடுப்பூசிப் பணியாளர்கள் பலர் கொல்லப்பட்டனர்.

காசாவில் 25 ஆண்டுகளுக்குப் பின் 2024 ஆகத்தில் ஒரு குழந்தைக்குப் போலியோ உறுதியானது. செப்டம்பரில் பகுதி பகுதியாகச் சண்டை நிறுத்தப்பட்டு ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. இரண்டாம் சுற்று வடக்கில் சண்டையால் தள்ளிப்போய், நவம்பரில் காசா நகரத்தில் மட்டும் நடைபெற்றது.