பேன் பார்த்தல் (குரங்குகள்)

பேன் பார்த்தல் என்பது ஒரு குரங்கு இன்னொன்றின் மயிரை விலக்கி, அதில் உள்ள பேன், ஈர், உதிர்தோல், அழுக்கு ஆகியவற்றை விரலாலும் வாயாலும் பொறுக்கி எடுக்கும் நடத்தை. தென்னிந்தியாவின் நாட்டுக் குரங்கு உட்பட, குழுவாக வாழும் பெரும்பாலான குரங்கினங்களில் இதைக் காணலாம். உடல் தூய்மைக்கு உதவும் இச்செயலே குழுவின் உறவுகளையும் கட்டிக்காக்கிறது.

உடல்நலப் பயன்

தன் கையும் கண்ணும் எட்டாத தலை, பிடரி, முதுகு ஆகிய இடங்களுக்குக் குரங்கு பிறர் உதவியை நாடுகிறது. ஜப்பானிய மக்காக்குக் குரங்குகள் பொறுக்கித் தின்பவை பெரும்பாலும் ஈர்களே. பேன் பார்க்கப்படும் குரங்கின் உடல் தளர்கிறது, இதயத் துடிப்பு குறைகிறது. தலப்பாயின் குரங்குகளில் அப்போது பீட்டா-எண்டார்ஃபின் அளவு உயர்வதை 1989இல் வெளியான ஆய்வு காட்டியது.

உறவும் படிநிலையும்

மக்காக்கு, பபூன் இனங்கள் பலவற்றில் மந்திகள் பிறந்த குழுவிலேயே வாழ்நாளைக் கழிக்கின்றன. தாய், மகள், சகோதரிகளுக்கே அவை மிகுதியாகப் பேன் பார்க்கின்றன. உறவு வட்டத்துக்கு வெளியே, உயர்நிலை மந்திகளுக்குப் பேன் பார்க்கப் போட்டி நிலவும் என்றும், சண்டையில் அவற்றின் ஆதரவைப் பெறுவதே இதன் பயன் என்றும் ராபர்ட் செய்ஃபார்த் 1977இல் விளக்கினார். குட்டி ஈன்ற தாயை மற்ற மந்திகள் சூழ்ந்து பேன் பார்ப்பதுண்டு. குட்டியைத் தொட இது வழிசெய்கிறது.

கைமாறு

கென்யாவின் அம்போசெலியில் செய்ஃபார்த்தும் டோரதி செனியும் வெர்வெட் குரங்குகளின் உதவி கோரும் குரலைப் பதிவுசெய்து ஒலிபரப்பினர். உறவில்லாத குரங்குகள், சற்றுமுன் தமக்குப் பேன் பார்த்த குரங்கின் குரலையே கூடுதலாகக் கவனித்தன (1984). தென்னாப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகளிடையே, ஒரு தாழ்நிலை மந்தி வந்தால் மட்டுமே உணவுப் பெட்டி திறக்கும்படி செய்தபோது, மற்றவை அதற்கு அதிகமாகப் பேன் பார்த்தன. வேறொரு மந்திக்கும் அவ்வாறே ஒரு பெட்டி வைக்கப்பட்டதும் முதல் மந்திக்குக் கிடைத்த கவனிப்பு குறைந்தது (2009).

குட்டிகளின் பிழைப்பு

அம்போசெலி பபூன்களில், பேன் பார்த்தலும் அருகமர்தலும் மிகுந்த தாய்களின் குட்டிகள் ஓராண்டைக் கடந்து பிழைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று 2003இல் வெளியான நீண்டகால ஆய்வு நிறுவியது.

வளர்ப்பிடங்களில்

தனிக்கூண்டில் அடைபட்ட குரங்குகள் சில தம் மயிரைத் தாமே பிடுங்கிக்கொள்கின்றன. அமெரிக்கா 1985இல் திருத்திய விலங்கு நலச் சட்டம், குரங்குகளின் உளநலத்தைப் பேணுவதை ஆய்வகங்களின் கடமையாக்கியது. இணையாகவோ குழுவாகவோ வைப்பது அவற்றுக்குப் பேன் பார்க்க வாய்ப்பளிக்கிறது.