நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் பெண்தொழிலும் கருவள வீதமும்

நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள், பெண்களின் கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் கருவள வீதத்துக்கும் (ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை) உள்ள தொடர்பை விளக்கும் ஓர் எடுத்துக்காட்டு ஆகும். பெண்கள் ஊதிய வேலைக்குச் சென்றால் பிறப்பு குறையும் என்ற பொதுக்கருத்து இங்கு அப்படியே பொருந்தவில்லை.

வேலையும் மகப்பேறும்

கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது. 1961 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வார ஊதிய விடுப்பு அளித்தது. எனவே மகப்பேறு வேலையைப் பறிக்கவில்லை. குழந்தைக்கான செலவில் ஒரு பகுதியையும் தோட்டமே ஏற்றது. வளர்ந்த பிள்ளைகள் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர இயன்றது. முதுமையில் பெற்றோருக்கு அவர்களே துணை. காப்பகமோ விடுப்போ இல்லாத நகரத் தொழிலாளிக்கு இக்கணக்கு வேறாக இருந்தது.

சேமிப்புக் கணக்குத் திட்டம்

குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ஐக்கிய தோட்ட அதிபர்கள் சங்கம் (உபாசி), அமெரிக்கப் பொருளியலாளர் ரொனால்டு ரிட்கரின் கருத்தை ஒட்டி, 1971 இல் நீலகிரியின் சில தோட்டங்களில் ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த பெண் கருவுறாதிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அவர் பெயரில் நிர்வாகம் 5 ரூபாய் செலுத்தியது. மகப்பேற்று வயது கடந்த பின்னரே தொகை கைக்கு வரும். மூன்றாம் குழந்தை பிறந்தால் அதில் ஒரு பகுதி கழிக்கப்படும். மேலும் பிறந்தால் கழிவும் கூடும். முதுமைக்குப் பிள்ளைகளுக்குப் பதில் பணம் என்பதே இதன் அடிப்படை. கணவரின் முடிவுக்கும் சேர்த்துத் தண்டம் செலுத்தியவர் பெண்ணே என்பது இதன் பெருங்குறை. அதே காலத்தில் தோட்ட மருத்துவமும் குழந்தை நலப் பணிகளும் விரிவடைந்ததால், பிறப்பு குறைந்ததில் பணத்தின் பங்கைத் தனியே பிரித்தறிவது கடினம்.

கல்வி

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் பள்ளி செல்லாத பெண்களின் கருவள வீதம் 2.8, பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் பயின்றோரிடையே 1.8. தமிழ்நாட்டின் மொத்த வீதமும் 1.8 ஆகும். கல்வி, திருமண வயதைத் தள்ளிப்போடுவதோடு தோட்டத்துக்கு வெளியிலான வேலைக்கும் வழிவிடுகிறது. பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்கள் கோயம்புத்தூர், திருப்பூர் நோக்கிச் செல்கின்றனர். 2001 இல் 7,62,141 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011 இல் 7,35,394 ஆகக் குறைந்ததற்குப் பிறப்புக் குறைவை மட்டும் காரணமாகக் கூற இயலாது. இவ்வெளியேற்றத்துக்கும் அதில் பங்குண்டு.