ஊதினால் கேஸ், ஊதாவிட்டால் அபராதம்

1938 டிசம்பர் 31. ஊரே புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்குக் கிளம்பியிருந்த இரவில், அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் நகரப் போலீஸார் வண்டி ஓட்டி வந்தவர்களை நிறுத்தி பலூன் ஊதச் சொன்னார்கள். பலூனில் பிடித்த மூச்சை, கந்தக அமிலம் கலந்த பெர்மாங்கனேட் கரைசலுக்குள் விட்டார்கள். மூச்சில் மது இருந்தால் கரைசலின் ஊதா நிறம் வெளுக்கும். ரோலா ஹார்கர் என்ற உயிர்வேதியியல் பேராசிரியர் செய்த அந்தப் பெட்டிக்கு ‘டிரங்கோமீட்டர்’ என்று பெயர். சாலையில் அதுவரை பெரும்பாலும் போலீஸ்காரரின் மூக்கும், ‘இந்தக் கோட்டின் மேல் நடந்து காட்டு’ என்பதும்தான் சாட்சி. மூக்கை நம்பிக் கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் சும்மா விடுவாரா? கேஸ் நிற்க ஓர் எண் தேவைப்பட்டது. அதற்காகப் பிறந்த கருவி இது.

1954-ல் அதே மாநிலப் போலீஸில் இருந்த ராபர்ட் போர்கன்ஸ்டைன் இதைத் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருக்கி, நிறமாற்றத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒளிமின்கலத்தால் அளக்கவும் வைத்தார். ‘பிரெத்தலைசர்’ என்ற பெயர் அப்போது வந்தது. பின்னாளில் கரைசலும் போய், பிளாட்டினம் பதித்த சின்ன மின்கலம் வந்தது. மதுவின் ஆவி அதில் பட்டால் மின்சாரம் பிறக்கும், எவ்வளவு மதுவோ அவ்வளவு மின்சாரம். கருவி உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

அது போய்ச் சேர்ந்த நாடுகளில், இந்தக் கதைக்கு வேண்டிய நாடு பிரேசில். அங்கே அதற்கு ‘பஃபோமெட்ரோ’ என்று பெயர்.

பிரேசிலின் 1997-ஆம் ஆண்டு போக்குவரத்துச் சட்டம், ஒரு லிட்டர் ரத்தத்தில் 6 டெசிகிராம் மது வரை பொறுத்துக்கொண்டது. 2008 ஜூன் 19-ல் ‘லெய் செக்கா’ (‘வறண்ட சட்டம்’) என்ற புதுச் சட்டம் வந்தது. இனி துளியும் கூடாது என்றது. ஆனால் அதே மாதம் வெளியான ஓர் அரசாணை, ரத்தத்தில் 2 டெசிகிராம் வரை விட்டுவிடலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தது. அந்தச் சலுகை 2012 வரை நீடித்தது.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது. அபராதத்துக்குச் சட்டம் வைத்த எல்லை பூஜ்யம். ஆனால் சிறைக்குப் போகும் குற்றமாக வேண்டுமானால் ரத்தத்தில் 6 டெசிகிராம் இருந்ததென்று காட்ட வேண்டும். அதைக் காட்ட ஓட்டுநர் ஊத வேண்டும், இல்லை ரத்தம் கொடுக்க வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சியம் தரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அந்த நாட்டில் உறுதியான கோட்பாடு. ஆக, நிதானம் தவறியவர்கூட ஒரு விஷயத்தில் நிதானமாக இருந்தார்: வாயைத் திறக்கவில்லை. 2012 மார்ச்சில் உயர் நீதிமன்றமான எஸ்.டி.ஜே. முன் இந்தக் கேள்வி வந்தது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்ப்பு: மூச்சுச் சோதனை, ரத்தச் சோதனை இரண்டைத் தவிர வேறெதுவும் இந்தக் குற்றத்தை நிரூபிக்காது. சட்டத்தில் எழுதியிருந்தபடி பார்த்தால் அது சரியான தீர்ப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதியவர்கள் செய்த கோளாறுக்கு நீதிபதிகள் என்ன செய்வார்கள்?

அந்த வருடம் டிசம்பரிலேயே சட்டம் திருத்தப்பட்டது. குற்றத்தின் மையம் எண்ணிலிருந்து ‘ஓட்டும் திறன் பாதிக்கப்பட்ட நிலை’க்கு நகர்ந்தது. வீடியோ, சாட்சிகள், அதிகாரியின் குறிப்பு எல்லாம் ஆதாரமாகின. 2013 ஜனவரியில் வந்த விதிமுறையின் பின்னிணைப்பில், அதிகாரி பார்த்துக் குறிக்க வேண்டிய அடையாளங்களின் பட்டியல் இருக்கிறது. சிவந்த கண், தூக்கக் கலக்கம், விக்கல், கலைந்த உடை, மூச்சில் மது வாடை. இன்ன தேதி, இன்ன இடம் என்று ஓட்டுநருக்குத் தெரிகிறதா என்றும் கேட்க வேண்டும். நடத்தைப் பகுதியில் ஆணவம் இருக்கிறது, கிண்டலும் இருக்கிறது. போலீஸ்காரரைக் கிண்டலடித்தால் அதுவும் போதையின் அடையாளமாம்! ஒற்றை அடையாளம் போதாது, பல சேர்ந்திருக்க வேண்டும் என்று விதி சொல்வது கொஞ்சம் ஆறுதல். எந்த மூக்கை ஓய்வெடுக்கச் சொல்லிக் கருவி வந்ததோ, அந்த மூக்கு அரசு முத்திரையோடு வேலைக்குத் திரும்பிவிட்டது.

சரி, ஊதுகிறவருக்கு என்ன நடக்கிறது? ரியோ டி ஜெனிரோவில் 2009 மார்ச்சிலிருந்து ‘லெய் செக்கா’ சோதனைக்கென்றே தனிக் குழுக்கள் இரவில் சாலையில் நிற்கின்றன. விபத்தில் முடங்கிச் சக்கர நாற்காலியில் வாழ்பவர்கள் மதுக்கடைகளுக்குள் போய் மேசை மேசையாகப் பேசுவதும் அந்தத் திட்டத்தின் வேலை. சோதனையில் ஓட்டுநரின் கண்ணெதிரே உறையைக் கிழித்துப் புது ஊதுகுழலை மாட்டுகிறார்கள். மூச்சை இழுத்து, நிறுத்தாமல் சில விநாடி ஊத வேண்டும். நுரையீரலின் அடியிலிருக்கும் காற்று வரும்வரை கருவி விடாது. மது அடைத்த சாக்லேட்டோ வாய் கொப்பளிக்கும் மருந்தோ கருவியில் எண்ணை ஏற்றிக் காட்டவைக்கும்தான். ஆனால் அது வாயில் தங்கிய மது, கால் மணி நேரம் பொறுத்தால் போய்விடும்.

அவர்கள் எழுதும் சீட்டில் மூன்று எண்கள் இருக்கும்: அளந்தது, கணக்கில் எடுத்துக்கொண்டது, சட்டம் அனுமதிப்பது. சட்டம் அனுமதிப்பது பூஜ்யம். ஆனால் எந்தக் கருவியும் பிழையில்லாமல் அளக்காதே! அதனால் ஒரு லிட்டர் மூச்சுக்கு 0.04 மில்லிகிராம் கருவியின் பிழையாகக் கழிக்கப்படுகிறது. 0.05 காட்டினால்தான் ஓட்டுநர் மாட்டுவார். பூஜ்யம் என்று எழுதிய சட்டத்துக்கும் பூஜ்யத்தைச் சரியாக அளக்க முடியாத இயந்திரத்துக்கும் நடுவே இப்படி ஓர் உடன்பாடு. 0.34-ஐத் தொட்டால் போலீஸ் நிலையம், குற்ற வழக்கு, ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. கருவியை வருடத்துக்கு ஒருமுறை அளவியல் துறை சரிபார்த்துச் சான்று தந்திருக்க வேண்டும். சான்று காலாவதியானதா என்பதைத்தான் வக்கீல்கள் முதலில் பார்ப்பார்கள்.

அபராதம் 2008-ல் 957.70 ரெயால். 2012-ல் 1,915.40. 2016 முதல் 2,934.70. பன்னிரண்டு மாதத்துக்குள் மறுபடி மாட்டினால் இரட்டிப்பு. 2024-ல் அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,412 ரெயால் என்பதோடு சேர்த்துப் பாருங்கள்: அந்த வருடம் கூலிக்காரருக்கு இரண்டு மாதச் சம்பளம் போதவில்லை, வசதிக்காரருக்கு ஒரு நல்ல விருந்தின் செலவு. பணத்தைவிட உறைப்பது ஒரு வருடம் லைசென்ஸ் போவது. வண்டியும் அங்கேயே நிற்கும், குடிக்காத இன்னொருவர் லைசென்ஸோடு வந்து எடுக்கும்வரை.

ஊத மறுத்தால்? 2016-ல் அதற்கென்றே ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதே 2,934.70, அதே ஒரு வருடம். மூடிய வாய்க்கும் குடித்த வாய்க்கும் ஒரே விலை. மதுக்கடை, உணவகச் சங்கம் 2008-லேயே தொடுத்த வழக்கும், மறுப்புக்கான தண்டனையை எதிர்த்து வந்த வழக்கும் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தன. பூஜ்யமும் செல்லும், மறுப்புக்கான அபராதமும் செல்லும். மறுப்பவரை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை, இது நிர்வாகத் தண்டனை மட்டுமே என்பது வாதம்.

எனக்கு அந்த வாதத்தில் முழு திருப்தி இல்லை. கணக்கு இப்படிப் போகிறது: நிறையக் குடித்தவர் ஊதினால் சிறை வழக்கு, மறுத்தால் அபராதத்தோடு தப்பிக்கப் பார்க்கலாம். குடிக்காமலே கொள்கைக்காக மறுத்தவர் அதே அபராதத்தைக் கட்டுகிறார். விவரமான குடிகாரருக்குத்தான் இது லாபம். ஆனால் வாயைத் திறக்காமலே வழக்கிலிருந்து தப்பித்த வருடங்களைப் பார்த்தால், வேறென்ன செய்திருக்க முடியும் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

உயிர் போய்விட்டால் கணக்கே வேறு. 2018 ஏப்ரலிலிருந்து, குடித்து ஓட்டி ஒருவரைக் கொன்றால் ஐந்து முதல் எட்டு வருடம் சிறை. போலீஸ் நிலையத்திலேயே ஜாமீன் கட்டிக் கிளம்பும் வழி அதோடு அடைபட்டது. இனி நீதிபதிதான் முடிவெடுக்க வேண்டும். பின்னால் வந்த இன்னொரு திருத்தம், சிறைக்குப் பதில் சமூக சேவை என்ற மாற்றையும் எடுத்துவிட்டது.

இப்போது ஊதுகுழலே இல்லாத கருவியும் வந்திருக்கிறது. ஓட்டுநர் பேசும்போது வாய்க்கு முன்னால் நீட்டினால், காற்றில் மது இருக்கிறதா என்று விளக்கு எரிந்து சொல்லும். வரிசையில் நிற்கும் வண்டிகளை மளமளவென்று அனுப்ப உதவுகிறது. அதன் விளக்கை வைத்து யாருக்கும் அபராதம் போட முடியாது. சிவப்பு எரிந்தால், ஓட்டுநரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, உறையைக் கிழித்துப் பழைய கருவியைத்தான் நீட்டுகிறார்கள்.