சாய்ந்தமருது: பெயரும் எல்லையும்

ஊர் வேறு, ஆட்சி எல்லை வேறு. முன்னையது மக்கள் வழக்கினால் நிலைபெறுவது. பின்னையது வர்த்தமானி அறிவித்தலினால் வரையறுக்கப்படுவது. இவ்விரண்டும் தம்முள் பொருந்தாவிடத்து எழும் இடர்ப்பாடுகளை, ஈழத்தின் கீழ்க்கரையிலே கல்முனைக்குத் தெற்கே அமைந்துள்ள சாய்ந்தமருதின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

கிழக்கே வங்கக் கடல், மேற்கே கரைவாகு வட்டை எனப்படும் நெல்வயற் பரப்பு, வடக்கே கல்முனைக்குடி, தெற்கே மாளிகைக்காடு. அதற்கும் தெற்கே, சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டிற் பிறந்த காரைதீவு. இவ்வெல்லைகளுக்கிடையே மக்கள் மிக நெருங்கி வாழ்கின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 25,000 பேர் இங்கு வாழ்ந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலார் தமிழ் பேசும் முஸ்லிம்கள்.

ஊரின் பெயர் மரத்தால் வந்தது. சாய்ந்து நின்ற மருதமரம் ஒன்று அடையாளமாகி ஊர்ப்பெயராயிற்று என்பது வழிவழி வந்த விளக்கம். மருது நீர்க்கரையை நாடி வளரும் மரம். வயல்வெளி வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் தோணாவை உடைய இவ்வூருக்கு அப்பெயர் பொருந்துவதேயாகும். வடக்கேயுள்ள மருதமுனையும் அம்மரத்தையே தன் பெயரிற் கொண்டுள்ளது. கல்முனை, நற்பிட்டிமுனை என்பனவும் நிலத்தின் இயல்பையே கூறுகின்றன. அரசரின் பெயரோ அதிகாரியின் பெயரோ இவற்றில் இல்லை. நிலத்தைக் கண்டவர்களே பெயரிட்டனர்.

பண்டைய பிரிவு முறையில் இப்பகுதி கரைவாகுப் பற்று எனப்பட்டது. 1626ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியினின்றும் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுட் பலரைக் கீழ்க்கரையிற் குடியேற்றினான் என்பர். அதற்கு முன்னரும் முஸ்லிம்கள் இங்கு வாழ்ந்தனர். தாய்வழிக் குடிமுறை இக்கரையின் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. குடிகளின் சார்பில் மரைக்காயர்மார் கூடிப் பள்ளிவாசலை நிருவகிக்கும் வழக்கம், அரசாங்கச் சபைகள் தோன்றுமுன்பே ஊருக்கு ஓர் அமைப்பைத் தந்திருந்தது.

உள்ளூராட்சி ஏற்பட்ட பின்னர் இப்பற்றில் நான்கு சபைகள் இயங்கின. கல்முனைக்குப் பட்டின சபை. ஏனையவற்றுக்குக் கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்கு எனக் கிராம சபைகள். கரைவாகு தெற்கு என்பது சாய்ந்தமருதே. 1961ஆம் ஆண்டு மட்டக்களப்பின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாயிற்று. 1981ஆம் ஆண்டு மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது நாடெங்கும் கிராம சபைகளும் பட்டின சபைகளும் நீங்கின. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை அமைத்தது. அப்போது நான்கு பழைய சபைகளின் நிலமும் கல்முனை என்னும் ஒரே பெயரின்கீழ் வந்தது. 2001ஆம் ஆண்டிலே கல்முனை மாநகர சபையும் உருவாயிற்று. சாய்ந்தமருது பின்னர் 17 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைக் கொண்ட தனிப் பிரதேச செயலாளர் பிரிவாயிற்று. ஆயினும் தனிச் சபையைப் பெறவில்லை.

எல்லைகள் எவ்வாறு குறுக்கிடுகின்றன என்பதற்கு எடுத்துக்காட்டுகள் பல. 1949ஆம் ஆண்டிற் தோன்றிய கல்லூரி சாய்ந்தமருதில் நிற்பினும் அதன் பெயர் கல்முனை ஸாஹிறா. ஊரின் பெரிய பள்ளிவாசல் சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்னும் இரண்டிற்கும் உரியது. மாளிகைக்காடோ காரைதீவுப் பிரதேச சபையைச் சார்ந்தது. எனவே ஒரே பள்ளிவாசலைச் சேர்ந்தோர் இரு சபைகளுக்கு வரி செலுத்துகின்றனர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலோரக் குடியிருப்பை அழித்தது. கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டுதல் முதலிற் தடைசெய்யப்பட்டது. வடகிழக்கிற்கு விதிக்கப்பட்ட தூரம் 200 மீற்றர். கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய ஊருக்கு இது தாங்கொணாத அளவாகும். அத்தடை பின்னர்த் தளர்த்தப்பட்டது. வீடிழந்தோர் சிலருக்கு மேற்குப்புறத்தில் வெனிசுவேலா நாட்டின் உதவியால் வீடுகள் எழுந்தன. அக்குடியிருப்பு பொலிவேரியன் கிராமம் எனப்படுகின்றது. மருதமரத்தால் அறியப்பட்ட ஊரில் தென்னமெரிக்க விடுதலை வீரர் பொலிவரின் பெயரும் இவ்வாறு இடம்பெற்றது.

தனிச் சபைக் கோரிக்கை 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் வலுப்பெற்றது. பள்ளிவாசலின் ஆதரவுடன் நின்ற சுயேச்சைக் குழு மாநகர சபையில் 9 ஆசனங்களைப் பெற்றது. 2020 பெப்ரவரியில் நகர சபையை அறிவிக்கும் வர்த்தமானி வெளிவந்தது. சில நாட்களிலேயே அது இடைநிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் தோன்றவிருந்த சபை தோன்றவில்லை.

இத்தடைக்குக் காரணம் எண்ணிக்கையாகும். சாய்ந்தமருது பிரியின் எஞ்சிய மாநகரில் முஸ்லிம், தமிழர் விகிதம் மாறும். ஆகவே, பிரிப்பதாயின் பழையபடி நான்காகவே பிரிக்க வேண்டுமெனக் கல்முனை முஸ்லிம்கள் பலர் கூறினர். மறுபுறம், வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019ஆம் ஆண்டு தமிழர் உண்ணாவிரதம் இருந்தனர். தம் அலுவல்களைத் தம்மூரிலேயே முடித்துக்கொள்ள வேண்டுமென்னும் விருப்பம் இரு கோரிக்கைகளுக்கும் பொதுவானது. தன் அயலார் கேட்பதும் அதுவே என்பதை ஒவ்வொரு சாராரும் உணர்தல் வேண்டும்.

பற்று, கிராம சபை, பிரதேச சபை, மாநகர சபை எனப் பிரிவுகள் மாறிவந்துள்ளன. அவற்றுள் எதுவும் ஊரின் பெயரை மாற்றவில்லை. எல்லை வரைவோர் முதலிற் கற்கவேண்டியது ஊர்களின் வரலாற்றையே. அதனை அறியாது வரையும் கோடு அயலாரைப் பகைவராக்கும். அறிந்து வரையும் கோடு இரு வீட்டிற்கும் பொதுவான வேலியாய் நின்று நிலைக்கும்.